ஊற்றுக்கு இரண்டு நாள் விடுமுறை

குடிநீர் வேலையில் இருப்பவனை ஊர் இரண்டே சமயத்தில்தான் நினைக்கும்: தண்ணீர் வராதபோது ஒரு தடவை, வந்த தண்ணீரைப் பார்த்தபோது இன்னொரு தடவை. குழாயைத் திறந்ததும் நல்ல தண்ணீர் கொட்டினால் "வந்துட்டு சார்" என்று யாரும் போன் போட்டுச் சொல்வதில்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது வாளியோடு வாசலில் நின்றிருப்பீர்கள். மீதிப் பேர் அந்த வாளிக்காரர்களிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். நான் இரண்டு பக்கமும் நின்றவன் என்பதால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழுக்குத் தென்காசியிலிருந்து செய்தி அனுப்பினேன். கோடைக்கு ஒருமுறை, சாரலுக்கு ஒருமுறை தவறாமல் நான் கொடுத்த தலைப்பு 'குடிநீரின்றிப் பொதுமக்கள் அவதி'. பிறகு பத்திரிகையில் பக்கங்கள் குறைந்தன, ஆட்களும் குறைந்தோம். அந்த நேரம் பார்த்து, குற்றாலம் ஐந்தருவி சாலைக்கு உள்ளே தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் பழைய சுத்திகரிப்பு நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. வேலை முடியும்வரை அறிவிப்பு எழுதவும் புகார் போனை எடுக்கவும் ஓர் ஆள் தேவை என்றார்கள். போய்ச் சேர்ந்தேன்.

உதவிப் பொறியாளர் கோமதி மேடம் பண்பொழிக்காரர். வடக்கே பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்காக அலைந்து திரிந்து மாறுதல் வாங்கி ஊர்ப்பக்கம் வந்தவர். வந்த வருடமே சாரல் வெள்ளத்தில் செம்மண் இறங்கி, எங்கள் பழைய மணல் வடிகட்டியை அடைத்து, ஊர்க் குழாய்களிலெல்லாம் பால் சேர்த்த தேநீர் மாதிரி வந்தது. அதைச் செய்தியாக்கியதும் நான்தான். இந்த வருடம் சாரல் தொடங்குவதற்குள் மணல், வால்வு, பம்பு எல்லாம் புதிதாக வேண்டும். மறுபடி ஒரு குழாயில் சிவப்பாக வந்தாலும் அவர் வடக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது. வேலையில் சேர்ந்த அன்று அந்தப் பழைய செய்தி நறுக்கை என் முன்னால் வைத்துவிட்டு மேடம் சொன்னார்: "இத்தன வருஷம் எங்கள எழுதுனீங்க. இனி எங்களுக்காக எழுதுங்க சார். தலைப்ப மட்டும் மாத்திக்கிடுங்க."

முதல் அறிவிப்பு

பழைய மணலை அள்ளிவிட்டுப் புது மணல் நிரப்ப இரண்டு நாள் பம்பை நிறுத்த வேண்டியிருந்தது. மேல்நிலைத் தொட்டிகளை முழுக்க நிரப்பி வைத்துக்கொண்டு, வேளைக்குக் கொஞ்சமாகத் திறந்துவிட்டால் ஊருக்குத் தெரியாமலே சமாளித்துவிடலாம் என்பது மேடத்தின் திட்டம். எனக்கோ எழுதாமல் கை அரித்துக்கொண்டிருந்தது. 'திங்கள், செவ்வாய் இரு நாட்களும் குடிநீர் விநியோகம் முற்றிலும் நிறுத்தப்படும்' என்று எழுதி, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக விட்டேன். அந்த 'முற்றிலும்' தேவையே இல்லை. பத்திரிகைப் பழக்கத்தில் தானாக வந்து விழுந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர் பிடிக்கத் தொடங்கியது. குடம், வாளி, அண்டா, பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டி எல்லாம் நிறைந்தன. ஒரு வீட்டில் ஃபிரிட்ஜிலிருந்து காய்கறி வைக்கும் தட்டைக் கழற்றி அதையும் நிரப்பினார்களாம். ஞாயிறு மதியத்துக்குள் தொட்டிகள் எல்லாம் காலி. நாங்கள் நிறுத்துவதற்கு முந்தின நாளே ஊரில் தண்ணீர் நின்றுவிட்டது. புகார் போனில் முதலில் வந்தவர் கீழத்தெரு அம்மா ஒருவர். என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்போ நீங்க சொல்லாம இருந்திருந்தா ரெண்டு நாளும் தண்ணி வந்திருக்கும்லா? பிறகு எதுக்கு சார் மெனக்கெட்டு ஆட்டோ வச்சுச் சொன்னீங்க?"

காலை ஆறு பத்து

குத்துக்கல்வலசை எங்கள் குழாய்வழியின் வால் நுனி. வருடத்துக்கு வருடம் அங்கே புது வீடுகள் முளைக்கின்றன. தண்ணீர் மட்டும் போய்ச் சேருவதற்குள் களைத்துவிடும். அங்கே ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார் சுடலைமுத்து வீடு கட்டியிருந்தார். தினமும் காலை சரியாக ஆறு பத்துக்கு அவருடைய போன் வரும். திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். அறிக்கை கொடுப்பார். "குத்துக்கல்வலசை நிலவரம். தண்ணி வரல. வாளி ஆறு, ஆறும் காலி. வீட்டம்மா மனநிலை கவலைக்கிடம். குறிச்சுக்கிடுங்க." நான் குறித்துக்கொண்டேன் என்று சொன்ன பிறகுதான் போனை வைப்பார்.

ஒரு நாள், எல்லையில் எத்தனையோ கஷ்டப்பட்டவர் இதற்குப் போய் இப்படிக் கவலைப்படலாமா என்று சமாதானம் பேசிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "அங்கன பனிய உருக்கிக் குடிச்சேன் சார், ஒரு வருத்தமும் இல்ல. ஏன்னா அங்கன குழாய் கெடையாது. இங்கன குழாய் இருக்கு பாருங்க, அதான் தாங்க முடியல."

இடது கை வால்வு

முப்பிடாதி அண்ணாச்சி எங்கள் நிலையத்தின் மூத்த ஆபரேட்டர். வரைபடத்தில் இல்லாத சங்கதியெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அதில் ஒன்று மூன்றாம் நம்பர் வால்வு. உலகத்தில் உள்ள வால்வெல்லாம் வலப்பக்கம் திருகினால் மூடும். அது மட்டும் திறக்கும். எந்தக் காலத்திலோ மாற்றிப் பூட்டிவிட்டார்கள். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான மனிதர். பழைய வால்வைக் கழற்றும் முன் தண்ணீரை அடைக்க வேண்டும் என்று தானே குழிக்குள் இறங்கி, வலப்பக்கமாக இறுக்கினார். தளர்த்தியிருந்த இணைப்பு வழியே குழிக்குள் தண்ணீர் கூடியது. இன்னும் இறுக்கினார். இன்னும் கூடியது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "ஏனுங்க, இது நிக்க மாட்டேங்குதுங்களே" என்று அவர் கூப்பிட்டபோதுதான் அண்ணாச்சி மெதுவாக எழுந்து போனார்.

நனைந்தது மேற்பார்வையாளர் மட்டுமல்ல. பக்கத்தில் பிரித்து வைத்திருந்த புது மின்பலகையும்தான். அது காய்வதற்கு நான்கு நாள் போயிற்று. சாரலுக்கு முன்னால் எங்களிடம் இருந்ததே எண்ணிச் சில வாரங்கள். மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. "இப்படி ஒரு வால்வு இருக்குன்னு ஒரு வார்த்த எழுதி ஒட்டக் கூடாதா அண்ணாச்சி?" என்று கேட்டார். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார்: "வால்வுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாவதா யாருக்கு மேடம் தெரியணும்?"

தட்டும் தவளையும்

சுத்தமான தண்ணீர் சேரும் தொட்டியின் அடியில் அண்ணாச்சி ஒரு பீங்கான் தட்டைப் போட்டு வைத்திருந்தார். ஓரத்தில் நீலப் பூப் போட்ட தட்டு. மேலே இருந்து எட்டிப் பார்த்தால் பூவின் இதழ் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் தண்ணீர் ஊருக்குப் போகலாம். இத்தனை வருடமாக எங்கள் ஊரின் ஆரோக்கியம் அந்தப் பூவை நம்பித்தான் இருந்தது. புதுப்பித்தலில் அதற்குப் பதிலாகக் கலங்கலை அளக்கும் மீட்டர் வந்தது. தண்ணீருக்குள் ஒரு கண், ஆபீசுக்குள் ஒரு திரை. மூன்றாம் நாள் திரையில் எண் தாறுமாறாக ஏறிச் சிவப்பு விளக்கு எரிந்தது. மேடம் பதறி ஓடினார். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "பூ தெரியுது மேடம்" என்றார். மீட்டரை வெளியே இழுத்தால், அதன் கண்ணாடிக் கண்ணை மறைத்துக்கொண்டு ஒரு தவளை சௌகரியமாக ஒட்டியிருந்தது.

மேற்பார்வையாளருக்கு மீட்டரின் மானம் போய்விட்டதே என்று வருத்தம். அண்ணாச்சி தவளையைத் தோப்பில் விட்டுவிட்டு வந்து அவரைத் தேற்றினார்: "மீட்டர் பொய் சொல்லல தம்பி. தவளைய அளந்து பாத்திருக்கு, தவளை கலங்கலாத்தான இருக்கும்?"

இறங்கும் முள்

மணல் மாறியது, வால்வுகள் மாறின, புதுப் பம்பும் வந்து உட்கார்ந்தது. அதை ஓட்டுவதற்கு முன் ஒரே ஒரு பரீட்சை பாக்கி. ஊருக்குப் போகும் பெரிய குழாயை இரண்டு முனையிலும் அடைத்து, உள்ளே அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வழியில் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். புதுப் பம்பின் வேகத்துக்கு அந்த ஓட்டை வெடித்துவிடும். பழைய பம்புக்கோ புது வடிகட்டியோடு ஒத்துப்போகிற வலு இல்லை. ஆக, முள் நின்றால்தான் எல்லாம்.

முள் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. மறுநாளும் இறங்கியது. மேற்கே மலைமுகட்டில் மேகம் கூடத் தொடங்கியிருந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டது. அருவியில் குளிக்க வந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். மேடத்துக்கு ஒவ்வொரு மேகமும் மாறுதல் உத்தரவு. மூன்றாம் நாள் காலையில் அவரும் நானும் முப்பிடாதி அண்ணாச்சியும் குழாய் போகிற வழியே நடக்கத் தொடங்கினோம். தோப்பு, வாய்க்கால், சாலையோரம் எல்லாம் காய்ந்து கிடந்தது. ஐந்தருவி சாலைத் திருப்பத்தில் பேச்சிமுத்துவின் கடை நெருங்க நெருங்க அண்ணாச்சியின் நடை மட்டும் மெதுவாகிக்கொண்டே வந்தது.

பேச்சிமுத்துவின் கடையில் நேந்திரங்காய் சிப்ஸ், பழங்கள், மூலிகை எண்ணெய், அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் கேன்கள். கடையை ஒட்டி ஒரு பாறை. பாறை இடுக்கிலிருந்து கை தடிமனுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பாறைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மேலே 'மூலிகை ஊற்று' என்று பலகை. கேனோடு பதினைந்து பேர் வரிசையில். பாறைக்குப் பின்னால் இரண்டு அடியில் போகிறது எங்கள் பெரிய குழாய். கடைச் சுவரில், பிளாஸ்டிக் உறை போட்டு, மாலையும் போட்டு, ஒரு பழைய செய்தி நறுக்கு: 'பாறையைப் பிளந்து வரும் மூலிகை ஊற்று, குற்றாலத்தில் இன்னோர் அதிசயம்'. கீழே எழுதியவர் பெயர். என் பெயர்.

மேடம் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்று படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். இத எப்ப அடைக்கலாம்?"

அமாவாசை

நான் என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை. விபத்து இல்லை, மறியல் இல்லை, யானைகூடத் தோப்புக்குள் இறங்கவில்லை. பக்கம் காலியாக இருக்கிறது என்று ஆபீசிலிருந்து போனுக்கு மேல் போன். அந்த வழியாக வந்தபோது பாறையிலிருந்து தண்ணீர் கசிந்தது; இரண்டு பேர் குடித்துவிட்டு ஆகா என்றார்கள். உறுதிசெய்யாமல் எழுதக் கூடாது என்பதால், விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டேன். அந்த விஷயம் தெரிந்தவர் முப்பிடாதி அண்ணாச்சி. "இது மலையிலேருந்து வர்ற தண்ணிதானா?" என்றேன். "ஆமா, மலையிலேருந்துதான்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

செய்தியின் கடைசியில் நான் பெருமையாக ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'அமாவாசைதோறும் மட்டும் இந்த ஊற்று ஓய்வெடுக்கிறது'. ஊற்றுக்கு அன்று விரதம் என்று பேச்சிமுத்து சொன்னது. மேடம் அந்த வரியில் விரலை வைத்து, "அமாவாசைக்கு ஏன் நிக்குது?" என்று கேட்டார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். தேதி என்றால் மறந்துவிடும், அமாவாசை என்றால் மறக்காது என்று எந்தக் காலத்து அதிகாரியோ நிலையத்தில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்குத்தான மேடம், பம்ப நிறுத்திட்டு நாம தொட்டி கழுவுதோம்."

மஞ்சள்

ஊற்று இல்லை, குழாய்க் கசிவு என்று சொன்னால் வரிசையில் நின்றவர்கள் நம்பவில்லை. வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். முட்டிவலி குறைந்திருக்கிறது என்று ஒருவர், பசி எடுத்திருக்கிறது என்று ஒருவர். மேடம் விஞ்ஞானத்தை நம்புகிறவர். கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். "இது காட்டுத் தண்ணியா இருந்தா நிறம் மாறாது. நாங்க குளோரின் போட்ட தண்ணியா இருந்தா, இந்த மருந்து ரெண்டு சொட்டு விட்டதும் மஞ்சளாயிரும். எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்று குப்பியை உயர்த்திப் பிடித்தார். இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானது.

நான்கூட ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பேச்சிமுத்து குப்பியை மேடத்தின் கையிலிருந்து பவ்யமாக வாங்கி, வரிசை முழுக்கத் தெரியும்படி தூக்கிக் காட்டினார். வேனில் உட்கார்ந்திருந்தவர்களும் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாத்தியளா? மூலிக உள்ள இருந்தாத்தான மஞ்சளாவும்! இன்ஜினியரம்மாவே டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டாங்க!"

பராமரிப்பு

மறுநாள் மண்வெட்டியோடு போன எங்கள் ஆட்களை ஊற்று அன்பர்கள் மறித்துக்கொண்டார்கள். கையில் என் செய்தியின் நகல். போலீசைக் கூப்பிடலாம்; ஆனால் ஊற்றை அடைக்கப் போலீஸ் என்றால், என்னைப் போல ஒருவன் அதை எழுதாமல் விடமாட்டான். மறுப்பு எழுதி ஒட்டுகிறேன் என்றேன். ஒட்டினேன். மாலை போட்ட செய்தியின் பக்கத்தில் என் மறுப்பு யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் பத்திரிகையிலும் மறுப்புக்கு அதே கதிதான். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் மழை பிடித்துவிட்டது என்று சாயங்காலம் செய்தி வந்தது. மேடம் ஆபீசில் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள இனி யாரை ஏற்பாடு செய்வது என்று யாரிடமோ போனில் பேசியது என் காதில் விழுந்தது.

எனக்கு அப்போதுதான் கீழத்தெரு அம்மா நினைவுக்கு வந்தார். இந்த ஊரில் தண்ணீரைப் பற்றி நான் எழுதியவற்றில், உடனே, முழுசாக, எல்லோரும் நம்பியது ஒன்றே ஒன்றுதான்: வராது என்பது. ஒரு தாளில் எழுதி மேடத்திடம் நீட்டினேன். 'மூலிகை ஊற்று பராமரிப்புப் பணி காரணமாக நாளை மறுநாள் முதல் இரண்டு நாட்கள் ஊற்று வராது. பக்தர்கள், பொதுமக்கள் போதிய நீரை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளவும்.' மேடம் இரண்டு முறை படித்தார். "இது பொய் இல்லையா சார்?" என்றார். வராது என்பது உண்மைதானே, மேடம் என்றேன்.

ஆட்டோ, ஒலிபெருக்கி, அதே குரல். மறுநாள் ஊற்றில் விடிந்ததிலிருந்து வரிசை. பேச்சிமுத்துவிடம் மத்தியானத்துக்குள் கேன் தீர்ந்துவிட்டது. அதற்கடுத்த நாள் காலையில் பாறைப் பக்கம் ஒருவரும் இல்லை. எல்லோர் வீட்டிலும் இருப்பு இருந்தது. எங்கள் ஆட்கள் நிம்மதியாகத் தோண்டினார்கள். குழாயின் இணைப்பில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதைப் புதிதாகப் பூட்டினார்கள். பிழைப்பைக் கெடுக்க வேண்டாம் என்று, அதே இடத்தில் பொதுக்குழாய் ஒன்று வைக்க மேடம் கையெழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் பாறையின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த முப்பிடாதி அண்ணாச்சியிடம், இத்தனை வருடம் தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கடைசியாகக் கேட்டேவிட்டேன். "நீங்க பேப்பர்ல போட்டுட்டீங்க. பேப்பர்ல வந்தத நான் எப்படி சார் இல்லன்னு சொல்லுவேன்?"

ஆறு பத்துக்கு மறுபடி

முள் ஒரு மணி நேரம் நின்றது. நாங்கள் மூவரும் அதைக் குழந்தை தூங்குவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். புதுப் பம்பு ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் சாரல் வந்தது. சும்மா வரவில்லை, ஐந்தருவியும் ஒன்றாகிச் செக்கச்செவேலென்று இறங்கியது. எங்கள் வாய்க்கால் முகப்பில் வந்த தண்ணீரும் அதே சிவப்பு. அண்ணாச்சி தொட்டியை எட்டிப் பார்த்தார். திரையில் எண் ஏறவில்லை, தட்டில் பூ தெரிந்தது. தவளை இல்லை என்பதையும் ஒருமுறை உறுதிசெய்துகொண்டோம்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு போன் அடித்தது. சுபேதார். "குத்துக்கல்வலசை நிலவரம். தண்ணி வந்துட்டு. வாளி ஆறு, ஆறும் நெறஞ்சிட்டு. தண்ணி தெளிவு." நான் குறித்துக்கொண்டேன் என்றேன். அவர் போனை வைக்கவில்லை. "நாளைலேருந்து ஆறு பத்துக்கு நான் யாருக்கு சார் போன் போட?" என்றார்.

மேடம் அன்று சாயங்காலம் ஆபீஸ் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு பண்பொழிக்குப் போனார். ஊரெல்லாம் சிவப்பு வெள்ளம் ஓடும்போது மகள் கொடுத்த தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அப்பா பார்க்க வேண்டும் என்ற ஆசை. மறுநாள் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, 'இதுல என்னம்மா இருக்கு, வெறுந் தண்ணி'ன்னாங்க சார்."

பலகை

பொதுக்குழாய்க்கு மேல் பழைய பலகை இருக்கக் கூடாது என்பதில் மேடம் உறுதியாக இருந்தார். புதுப் பலகைக்கு வாசகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இந்த முறை ஒரு சொல்கூடக் கூட்டாமல் எழுதினேன்: 'சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்'. அதே குழாய், அதே தண்ணீர், முன்னைவிட இரண்டு மடங்கு தெளிவு. சீசன் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு போனது. வேன்கள் நின்றன. பலகையைப் படித்தார்கள். "இது நம்ம ஊர்லயே வருதே" என்று ஒருவர் சொல்ல, வேன் கிளம்பிவிட்டது. ஒரு அம்மா மட்டும் ஒரு மடக்கு குடித்துவிட்டுத் துப்பினார். முன்னே இருந்த மூலிகை வாசம் போய்விட்டதாம்.

ஒரு வாரம் கழித்து அந்த வழியாகப் போனேன். பேச்சிமுத்து சிப்ஸ் வறுத்துக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கி வைத்த கேன் அடுக்கு அப்படியே இருந்தது. சுவரில் என் செய்தி இன்னும் தொங்கியது, மாலை மட்டும் வாடியிருந்தது. எனக்கு ஒரு பொட்டலம் சிப்ஸ் மடித்துக் கொடுத்தார். கோபமெல்லாம் இல்லை, தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் பேசுகிற வருத்தம்தான். "நீங்க எழுதுன பொய் பதினஞ்சு வருஷம் ஓடுச்சு சார். உண்மைய எழுதி ஒரே வாரத்துல படுக்க வச்சிட்டியளே!"

இருபத்திரண்டு வருடம் எழுதியதில் மாலை போட்டு மாட்டி வைத்த ஒரே செய்தியை நானே ஆள் வைத்து அடைத்துவிட்டேன் என்றாலும், அன்றிலிருந்து ஊரில் எந்த வீட்டில் குழாயைத் திறந்தாலும் வெறும் தண்ணீர்தான் வருகிறது என்பதை இதுவரை யாரும் போன் போட்டுப் பாராட்டவில்லை.